ஸ்டெல்லா அக்காவின் தவக்காலமும் நண்டு ஓடுகளும்

போன வாரம் ஏற்காட்டில் ஒரு விடுதி வாசலில் யாரோ மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் புகையும் அறுபட்ட பச்சையும் கலந்த வாசனை. அதில் நின்றுகொண்டே பஸ்ஸைத் தவறவிட்டேன். நான் தவறவிட்ட பஸ்களை வரிசையாக நிறுத்தினால் குப்பனூர் வரைக்கும் நிற்கும்.

எட்டாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டோம். லாரி கிளீனர், பரோட்டாக் கடை எடுபிடி, மிளகு பறிப்பு என்று சுற்றி, கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் புல் மெஷின் தூக்கினேன். தோள்பட்டை அறுக்கும், இறக்கி வைத்த பிறகும் கை நடுங்கும். வயிறு நிறைந்ததால் கொஞ்ச காலம் தங்கினேன்.

காலைச் சாப்பாடு ஓடை நடுவில் ஒரு தட்டைப் பாறையில். காப்பி பறிக்கிற ஸ்டெல்லா அக்கா தவக்காலத்தில் கறி, மீன் தொடமாட்டார். தொடாததை எல்லோருக்கும் சொல்லவும் செய்வார். கூடப் பறிக்கிற மாரமங்கலத்து ராஜம்மாவின் தூக்குப்போசியில் கருவாடு மணந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு காலை, அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தில் நண்டு ஓடு நொறுங்கிக் கிடந்தது. மறுநாளும்.

“ஏனுங்கக்கா, எங்களுக்கு ஒரு காலாச்சும் வெச்சிருக்கக் கூடாதுங்களா?” என்றார் ராஜம்மா.

“சத்தியமா நான் இல்லடி!”

“நோன்புல சத்தியம் வேறயா!”

பாறை குலுங்கச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. பேச்சு லைன் வீடுகளுக்குப் போய், மாதா கோயிலுக்கும் போய்விட்டது. பூசையில் பக்கத்தில் இருந்தவள், “நண்டு ரசம் சளிக்கு நல்லதாமே” என்றாளாம். அக்கா சோற்றைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக ஆரம்பித்தார்.

இதற்கிடையில் எஸ்டேட் கணக்கும் வேலையும் பார்க்கிற ரைட்டர், ஓடைக்கரை இரண்டையும் தண்ணீர் வரைக்கும் வெட்டச் சொல்லியிருந்தார். மழைக்கு முன் காப்பி நாற்றுக்கு இடம் வேண்டுமாம். ஒரு மூலையில் ஆரம்பித்திருந்தேன்.

“திருடனப் புடிக்கோணும். நீ சாட்சிக்கு வா கண்ணு” என்றார் அக்கா. ராஜம்மாவையும் இழுத்து வந்தார். விடியும் நேரம் நாணலுக்குப் பின்னால் குந்தினோம். குளிரில் என் பல் அடித்த சத்தத்துக்கு இரண்டு பேரும் முறைத்தார்கள்.

தண்ணீரிலிருந்து வழவழவென்று ஒரு தலை எழுந்தது. நீர்நாய். பின்னாலேயே இரண்டு குட்டிகள். பாறையில் ஏறி, முன்னங்காலால் நண்டைப் பிடித்து, கறுக் கறுக்கென்று ஒரே கடி. ஒரு குட்டி மல்லாந்து படுத்துத் தின்றது.

“பாத்தியாடி?”

“பாத்தனுங்க. கும்புட்டுக்கறனுங்க, உட்டுருங்க.”

அக்கா வாயைப் பொத்திச் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்தது. வயிறு நிறைந்த குட்டிகள் கரையேறித் தாழைக்குள் நுழைந்தன. அன்றைக்கு நான் வெட்ட வேண்டிய தாழை. அக்கா என்னைப் பார்த்தார்.

“மெஷினைக் கீழ வை.”

“ரைட்டர் திட்டுவாருங்கக்கா.”

“எம் மானத்தைக் காப்பாத்துன புள்ளைங்க ஊட்டை வெட்டுவியா நீ?”

ரைட்டர் வந்து கத்தினார். “நாய்க்கு எடம் உட்டா நாத்தை எங்க நடறது? எந் தலையிலயா?”

“அங்க காலியாத்தானுங்க கெடக்குது” என்றார் ராஜம்மா. ரைட்டர் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

மறுநாள் அவரையும் கூட்டிப்போய்க் குந்தவைத்தோம். குட்டிகள் சறுக்கி விளையாடியதைச் செல்போனில் எடுத்தவர், எங்களைவிட அதிகம் சிரித்தார். படம் முதலாளிக்குப் போனது. கரையைத் தொடாதே, நாற்றை மேட்டில் வை என்று பதில் வந்தது. அடுத்த பருவத்தில் காப்பி கழுவிய தண்ணீரையும் ஓடையில் விடாமல் குழிக்குத் திருப்பினார்கள். அந்த வளைவில் யாரும் நண்டு பிடிக்கக் கூடாது என்று ராஜம்மாவே மிரட்டி வைத்தார். சாப்பாட்டை நாங்கள் பலா மரத்தடிக்கு மாற்றிக்கொண்டோம். ஈஸ்டருக்கு அக்கா வீட்டுக் கோழிக்குழம்பில் முதல் இலை ராஜம்மாவுக்கு.

போன வாரம் விடுதி வாசலில் அடித்த புல் வாசனை சும்மா விடவில்லை. அன்றைக்கே கொட்டச்சேடு போய் இறங்கினேன். அக்கா ஓடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு கரையின் தாழையும் நாணலும் நடுவில் கைகோத்துவிட்டன. நாங்கள் இறங்கி ஏறித் தேய்த்த ஒற்றையடிப் பாதையைத் தேடினேன். இல்லை. தண்ணீர்கூடக் கண்ணில் படவில்லை. உள்ளே எதுவோ தொப்பென்று குதித்தது. எட்டிப் பார்க்க ஒரு மட்டையை விலக்கப் போனேன். கையில் ஓர் அடி விழுந்தது.

“நாம எறங்குற வழியே காணாமப் போச்சு கண்ணு” என்றார் அக்கா, முகமெல்லாம் பல்லாக. “நொம்ப நல்லதாப் போச்சு.”