பிள்ளையோடு இங்கிலீஷ் பேச ஓர் ஆள்

நேற்று வெள்ளவத்தைக் கடற்கரையில் கடலைச் சுருளைப் பிரித்தால், காகிதத்தில் ஒரு விளம்பரம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பகுதிநேர ஆள் தேவையாம். நேரம் உங்கள் வசதிப்படியாம். வசதி! எங்கள் காலத்தில் அதெல்லாம் வேலை தருகிறவர்களிடம்தான் இருந்தது.

வெள்ளைக்காரன் இன்னும் கப்பலேறாத காலம். நான் சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டு, இதே வெள்ளவத்தையில் அண்ணா வீட்டில் சும்மா இருந்தேன். "பெட்டையள் கந்தோரில வேலைக்குப் போறதோ?" என்று கேட்டே அண்ணா என் வாயை அடைத்துவிடுவார். ஆனால் பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் பிள்ளைகளோடு இருப்பது அவர் கண்ணுக்கு வேலையாகவே படவில்லை. வேலி ஓட்டை மாதிரியான அந்தப் பொட்டுக்குள்ளால்தான் நான் வெளியே வந்தேன். முதலில் கொட்டாஞ்சேனையில் ஒரு வீடு. அங்கே நான் படிப்பித்ததைவிட மூக்குத் துடைத்துவிட்டதுதான் அதிகம்.

கஞ்சி போட்ட துணி மணத்தால் இரண்டாவது வீடு ஞாபகம் வரும். ரயில் பாதையோரம், துறைமுகக் கந்தோர்க் கிளார்க் ஒருவருடைய வீடு. மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு என்னை இருத்திவைத்துச் சட்டம் சொன்னார்.

"மிஸ், பெடியனைப் பெரிய இங்கிலீஷ் ஸ்கூலில சேர்க்கவேணும். இந்த வீட்டில அவன்ரை காதில தமிழ் விழப்படாது."

பெடியனுக்கு ஐந்து வயது, பெயர் சந்திரன். என் இங்கிலீஷ் ஒன்றும் பிரமாதமில்லை. வேகமாகப் பேசினால் பிழை தெரியாது என்ற நம்பிக்கையில் ஓடிக்கொண்டிருந்தது. அவனோ நான் சொல்வதையெல்லாம் பிடித்துக்கொண்டான்.

ஆனால் அவனுடைய அம்மா பருத்தித்துறைப் பக்கத்தவர். அவருக்கு இங்கிலீஷ் ஒரு சொல்லும் தெரியாது. சட்டம் அவருக்கும் சேர்த்துத்தான். மகனைச் சாப்பிடக் கூப்பிடக் கோப்பையில் கரண்டியால் தட்டுவார். குளிக்க வரச்சொல்லத் துவாயைத் தூக்கிக் காட்டுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு பார்க்கவே முடியவில்லை. அந்த மனிதரிடம் போய்ச் சொல்ல நான் யார்? இரண்டு மணித்தியாலத்து ஆள்.

அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தது. அம்மாதான் பள்ளிக்கூடம் விடும் நேரம் கேற்றடிக்குப் போய் அவனைக் கூட்டிவருவார். ஒருநாள் பின்னேரம் அவன் சப்பாத்தைக் கழற்றியபடி, முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் இங்கிலீஷில் ஏதோ பொரிந்து தள்ளினான். அம்மா கதவடியில் சிரித்த முகத்தோடு நின்றார். அவன் உள்ளே ஓடியதும் என்னிடம் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, என்னவாம் சொல்லுறான்?"

அம்மா இனிக் கேற்றடிக்கு வரக்கூடாதாம். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் இங்கிலீஷ் பேசுகிறார்களாம். அதைத்தான் அவன் சொல்லியிருந்தான். நான் எப்படித் தமிழில் சொல்வேன்? அவனுடைய புத்தகங்களை அடுக்கத் தொடங்கினேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

"விளங்கீற்றுது," என்றார். அவன் கழற்றிப்போட்ட சப்பாத்தை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "எனக்கும் ரெண்டு சொல்லுச் சொல்லித் தருவீரோ?" என்று கேட்டார்.

அவன் விளையாடும் நேரங்களில் அடுப்படியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். தேங்காய் துருவியபடி முணுமுணுத்துப் பாடமாக்கினார். ஒரு வெள்ளிக்கிழமை, சந்திரன் உள்ளே வந்ததும், 'கம் மை சன், ஈட் யுவர் ரைஸ்' என்று முழுதாகச் சொல்லிவிட்டார்! எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. அவன் அவரை வியப்பாகப் பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். 'ரைஸ்' என்பதை அவர் சொன்ன விதத்திலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தான். அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதன் பிறகு என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் கிளார்க் ஐயா, "பெடியன் இப்ப நல்லாக் கதைக்கிறான், மிஸ். இனித் தேவைப்படாது," என்று என்னை நிறுத்திவிட்டார். வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டிடம் நிற்கிறது. கிளார்க் ஐயா காலமாகிவிட்டார்; சந்திரன் லண்டனில் என்று கேள்வி. அவனுடைய சிரிப்பு இன்றும் என் காதில் அப்படியே இருக்கிறது. அந்த அம்மாவின் குரலைத்தான் எவ்வளவு யோசித்தும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை.