பையில் மூன்று கட்டை

எங்கள் தறிக் கொட்டகையில் இருந்த டீசல் இன்ஜினில் என்னைத் தவிர வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. அதைப் போட்டது முதலாளி இல்லை, நான்தான். அந்தத் திமிரைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எண்பதுகளின் கடைசி. இராஜபாளையத்தில் பத்து விசைத்தறி ஓடும் கொட்டகை எங்களுடையது. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்குச் சுற்றுகிற காஸ் துணி நெய்தோம். கரண்ட் போனால் தறிகள் நிற்கும், நான் இன்ஜினைக் கிளப்புவேன், தெரு முழுக்கப் புகை அடிக்கும். எதிர்வீட்டு அக்கா கொடியில் காயப்போட்ட சேலைகளை உருவிக்கொண்டே என் வம்சத்தை விசாரிப்பார். எனக்கு அதுகூடப் பெருமையாகத்தான் இருந்தது.

தெருக் கரண்டும் இன்ஜின் கரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் இருக்க ஒரு கைப்பிடி சுவிட்ச் உண்டு. மேலே தள்ளினால் தெருக் கரண்ட், கீழே தள்ளினால் இன்ஜின். அந்த ஆடி மாதம் அது கருகிப்போனது. புதுசு மதுரையிலிருந்து வரவேண்டும். வரும்வரை தறி நிற்க முடியுமா? நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். மெயின் போர்டில் இருக்கிற, பீஸ் கட்டை என்று நாங்கள் சொல்லும் மூன்று பீங்கான் ஃபியூஸ்களையும் உருவிவிட்டால் தெருவுக்கும் எங்களுக்கும் தொடர்பு அறுந்துவிடும். பிறகு இன்ஜின் வயரை நேரே தறி போர்டில் மாட்டி ஓட்டலாம். ஒரு கட்டையை உருவ மறந்தாலும் எங்கள் கரண்ட் வெளியே ஓடும், செத்துக் கிடக்கிற தெருக்கம்பிக்கு உயிர் வந்துவிடும்.

அந்தக் கம்பியில் ஏறுகிறவர் என் மச்சான். கூடப்பிறந்த அக்காவின் புருஷன். எங்கள் தெருவும் அதைச் சுற்றியுள்ள நாலு தெருவும் லைன்மேனாக அவர் பொறுப்பில் இருந்தன. நான் வயர் மாட்டியிருந்த லட்சணத்தைப் பார்த்த அன்றே அவர் எங்கள் இணைப்பைத் துண்டித்திருக்க வேண்டும். மச்சினனாகப் போய்விட்டேன், விட்டுவிட்டார்.

“மூணு கட்டையும் உன் சட்டைப் பையில கெடக்கணும். பொறவுதான் இன்ஜின்ல கை வைக்கணும். சத்தியம் பண்ணுலே” என்றார். பண்ணினேன்.

எங்கள் முதலாளிக்கு அப்போது காற்றாடிக் கிறுக்கு பிடித்திருந்தது. கயத்தாறுப் பக்கம் காற்றில் கரண்ட் எடுக்கப்போகிறார்களாம், கூரையில் கண்ணாடிப் பலகை வைத்து வெயிலில்கூட எடுக்கலாமாம். பேப்பரில் படித்ததை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “இன்னும் பத்து வருசத்துல டீசல் நாத்தமே இருக்காது. காத்துக்கு எவன் பில் போடுவான்?” என்பார். நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம். மச்சான் மட்டும் டீ கிளாஸை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அது சரி மொதலாளி. இப்ப கரண்ட் எங்கிட்டு இருந்து வருதுன்னு எனக்குத் தெரியும். அங்கன நிப்பாட்டிட்டு இங்கன ஏறுதேன். வீட்டுக்கு வீடு இன்ஜின் வச்சு, காத்தாடி வச்சு, கண்ணாடி வச்சு அவனவன் கரண்ட் செய்ய ஆரம்பிச்சா, நான் எதை நிப்பாட்டிட்டு ஏற?”

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று சிரித்ததை நினைத்தால் இன்றும் என் வாயில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் தெருவிலேயே வேலை வந்தது. காற்றில் வேப்பங்கிளை விழுந்து கம்பி தொங்கியது. காலையில் மச்சான் டிரான்ஸ்பார்மரில் கரண்டை நிறுத்திவிட்டு, கயிறும் கட்டிங் பிளேயருமாக வந்தார். நிறுத்தினாலும், ஏறும் முன் கம்பியில் சங்கிலி வீசித் தரையோடு இணைக்க வேண்டும். எங்கிருந்தாவது கரண்ட் தப்பி வந்தாலும் அது மண்ணுக்குப் போய்விடும். சங்கிலி அவர் சைக்கிள் கேரியரில்தான் கிடந்தது.

கொட்டகைக்குள் முதலாளி குதித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் துணி போயாக வேண்டும். நான் போர்டுக்குப் போய் முதல் கட்டையை உருவினேன், இரண்டாவதை உருவினேன், பையில் போட்டேன். மூன்றாவதில் கை வைக்கும்போது முதலாளி டீசல் கேனைத் திறக்கச் சொல்லிக் கூப்பிட்டார். போனேன். திரும்பி வந்து பையைத் தடவினேன். மூன்று இருந்தது.

இன்ஜின்காரன் எவனும் புது வயர் சுற்றிய ஸ்பேர் கட்டை ஒன்றைக் காலையிலேயே பையில் போட்டுக்கொள்வான். தறி ஓடும்போது பீஸ் போனால் தேடி ஓடக்கூடாது. அது எங்கள் பழக்கம், நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம். என் கை அந்த ஸ்பேரையும் சேர்த்து எண்ணியது.

வாசலுக்கு வந்தேன். மச்சான் பாதிக் கம்பத்தில் இருந்தார். “கட்டையைக் கழட்டியாச்சாலே?” என்று மேலிருந்து கத்தினார். நான் பையைத் தட்டிக்காட்டி மூன்று விரலை உயர்த்தினேன். அவர் கீழே நின்ற சைக்கிளை, அதில் கிடந்த சங்கிலியை ஒரு தடவை பார்த்தார். பிறகு மேலே ஏறினார்.

இன்ஜின் கிளம்பியது, தறிகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் முக்க ஆரம்பித்தது, பத்துத் தறிக்கு மேல் எதையோ இழுக்கிற மாதிரி. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீசல் கூடுதலாக இறங்கும்படி ஒரு திருகு கூட்டிவிட்டேன்.

எதிர்வீட்டில் மிக்ஸி ஓடியது. “கரண்ட் வந்துருச்சு!” என்று அந்த அக்கா யாருக்கோ சொன்னார். வந்துவிட்டதே, மச்சான் வேலை முடிந்து இறங்கியிருப்பார், இனி கட்டைகளை மாட்டலாம் என்று போர்டுக்குப் போனேன். அங்கே மூன்றாவது கட்டை மாட்டியபடியே இருந்தது. கை பைக்குப் போனது. பையில் மூன்று. என்ன நடக்கிறது என்று புரிந்த நொடியில் ஓடிப்போய் இன்ஜினை நிறுத்தினேன். தறிச்சத்தம் அடங்கியதும், வெளியே ஆட்கள் கத்துவது கேட்டது.

மச்சான் பிழைத்தார். வலது கை முழங்கையோடு போயிற்று. கொட்டகையிலிருந்த காஸ் துணியைத்தான் அள்ளிக்கொண்டு வந்து சுற்றினோம். சுற்றச் சுற்ற அது நனைந்துகொண்டே இருந்தது.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். நான் மூன்று கட்டையும் கழற்றியிருந்தேன் என்றேன். பயம். போர்டில் அப்போது ஒரு கட்டையும் கிடையாது, அதிகாரி வருவதற்கு முன்பே உருவிவிட்டிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து மச்சான், “தப்பு என்னோடது சார், சங்கிலி போடாம ஏறிட்டேன்” என்று சொல்லிவிட்டார். என்னைக் கைகாட்டவில்லை. பிறகு அவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் மின்வாரிய ஆபீசில் போன் எடுத்துப் புகார் எழுதுகிற வேலை கொடுத்தார்கள். இடது கையால் எழுதப் பழகினார். அக்கா வீட்டுக்கு நான் தீபாவளிக்குப் போவேன், பொங்கலுக்குப் போவேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் திரும்பி வர பஸ் ஏறுவேன்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம், அவர் மகன் ஐ.டி.ஐ. முடித்துக் கயத்தாறுப் பக்கம் ஒரு காற்றாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க நானும் மச்சானும் பஸ்ஸில் போனோம். சங்கரன்கோவில் தாண்டி வெகுதூரம் போனபிறகு அவை தெரிய ஆரம்பித்தன. முதலில் நாலைந்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு, வெள்ளை வெள்ளையாக. எல்லாம் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி நின்றன. மச்சான் ஜன்னல் கம்பியை இடது கையால் பிடித்தபடி பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏலே, அன்னைக்கு மூணு விரல் காட்டினியே. மூணு எப்படி வந்துச்சு?”

பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்த கேள்வி.

“பழி சொல்லக் கேக்கல. எம் மவன் இனி அம்புட்டு கம்பத்துலயும் ஏறப்போறான். அவன்கிட்ட எதைச் சொல்லி அனுப்பன்னு எனக்குத் தெரியணும். ரெண்டு வாரமா இதைத்தான் யோசிக்கேன்.”

“ஒண்ணு ஸ்பேர், மச்சான்” என்றேன். “போர்டுல ஒண்ணு கழட்டாமக் கெடந்துச்சு. நான் பையைத்தான் எண்ணினேன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். இல்லை, மனசுக்குள் போர்டின் முன்னால் நின்று பார்த்திருக்கிறார்.

“அன்னைக்கு விரல் காட்டினப்போ பொய் சொல்லலை நீ” என்றார். “அதாம்லே பயமா இருக்கு. இனி ஊரெல்லாம் இன்ஜினும் காத்தாடியுமா நிக்கும். ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான். அம்புட்டுப் பேரும் பையைத் தட்டி மூணு விரல் காட்டுவான்.”

சாலை ஓரத்தில் பஸ் நின்றது. மருமகன் அங்கே காத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான்.

“நான் சொல்ல மாட்டேன்” என்றார் மச்சான். “நீதான் சொல்லணும். எல்லாத்தையும்.”

இறங்கினோம். “வாங்க மாமா” என்று பெட்டியை வாங்க வந்தவனிடம் பெட்டியைக் கொடுக்காமல் நின்றேன். “உங்க அப்பா கை போனது என்னாலதான்” என்று ஆரம்பித்தேன்.