மாமன் சீர் வருமுன் நின்றுபோன வீடியோ

மூணாறில் வீடியோ கடை வைத்திருக்கும் மோனிஷாவிடம், "கம்ப்யூட்டர் பழசாச்சே" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, சண்டைக்கு வந்துவிடுவாள். எடிட்டிங் மென்பொருளைத் திறந்தாலே அதற்கு மூச்சு வாங்கும் என்பது வேறு விஷயம். அதனால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டியே வீடியோவைச் சுருக்கப் பழகிக்கொண்டாள். சிக்னல் சரியாகக் கிடைக்காத எஸ்டேட்டுகளில் பெரிய ஃபைலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?

எஸ்டேட்டில் இருக்கும் ராமலட்சுமியின் மகளுக்கு நடந்த பூப்புச் சடங்கு வீடியோவையும் அப்படித்தான் வாட்ஸப்புக்காகச் சுருக்கினாள். ஃபைல் இந்த அளவைத் தாண்டக் கூடாது என்று கட்டளையில் எழுதினாள். அந்தக் கட்டளைக்கோ, அளவு நிரம்பியதும் நிறுத்திவிடு என்று பொருள். கம்ப்யூட்டரும் சொன்னபடி மீதியைக் கத்தரித்துவிட்டது. அவசரக்காரி, கடைசிவரை ஓட்டிப் பார்க்காமலே அனுப்பினாள்.

சடங்கன்று தாய்மாமன் மொக்கையனின் ஜீப் வழியில் பழுதாகி, அவருடைய சீர்த்தட்டுகள் கடைசியில்தான் பந்தலுக்கு வந்தன. போனது அந்தக் கடைசிதான். போடிப் பக்கத்துச் சொந்தமெல்லாம் பார்த்த வீடியோவில் தாய்மாமன் சீரே இல்லை. தங்கச்சி ராமலட்சுமிதான் வேண்டுமென்றே அதை வெட்டச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, மொக்கையன் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். ராமலட்சுமி கடைக்கு வந்து அழுதாள். பாவம், அவள் என்ன செய்தாள்?

மோனிஷா தான் அனுப்பியதை அப்போதுதான் கடைசிவரை ஓட்டிப் பார்த்தாள், தப்பு புரிந்தது. இந்த முறை ஃபைல் அளவை வீடியோ ஓடும் நேரத்தால் வகுத்து, நொடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டாள். ஒலிக்குப் போக மிச்சத்தைப் படத்துக்கு ஒதுக்கினாள். படம் கொஞ்சம் மங்கியது, ஆனால் முழுசாக இருந்தது. போனில் ஏற்றிக்கொண்டு மொக்கையன் வீட்டுக்கே போனாள்.

"தப்பு எம்மேலதான் மாமா. அவங்கள ஏசாதீங்க. முழுசையும் பாருங்க."

அவர் வேண்டாவெறுப்பாகத்தான் பார்த்தார். முன்பு நின்றுபோன இடத்தைப் படம் தாண்டியது. நேரமாகிறது என்று பெரியவர்கள் அவசரப்படுத்துகிறார்கள். ராமலட்சுமி மகளுக்கு முன்னால் மறித்து நிற்கிறாள்.

"எங்கண்ணன் வராம எம்மகளுக்கு யாரும் மாலை போடக்கூடாது."

மொக்கையன் அந்த இடத்தை மறுபடியும் ஓட்டச் சொன்னார். பிறகு தன் போனை எடுத்துத் தங்கச்சியைக் கூப்பிட்டார்.

"லட்சுமி, சாப்ட்டியா?"

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அவரும் போனை வைக்கவில்லை.