டீசல் தொட்டியில் ஒரு பிடி அரிசி

என் வீட்டுக்காரரைப் பொறுத்தவரை உலகத்தில் உள்ள அலுமினியம் எல்லாம் சோறு வேகத்தான் பிறந்திருக்கிறது. அவனியாபுரத்தில் அவருக்குப் பட்டறை. ஓட்டல்காரர்களுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் அண்டா, இட்லிக் கொப்பரை செய்து கொடுப்பார். என் தம்பிக்குக் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஒரு படகு. மதுரைக்காரரின் சுத்தியலும் என் தம்பியின் கடலும் ஒரு நாள் சந்தித்துக்கொள்ளும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

தம்பி படகின் பழைய இரும்புத் தொட்டி அடியில் துருப்பிடித்திருந்தது. துரு உதிர்ந்து டீசலோடு போய் அடைத்துக்கொண்டு, நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டது. காற்று இழுத்த பக்கமெல்லாம் போயிருக்கிறார்கள். யாரோ புண்ணியவான்கள் பார்த்து, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். தம்பி இதை என்னிடம் மூச்சு விடவில்லை. அவன் பெண்டாட்டிதான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் படகு சும்மா நிற்கும்போதே புதுத் தொட்டி மாட்டிவிட வேண்டும், அதுவும் துருப்பிடிக்காத அலுமினியத்தில் என்று பேச்சு வந்தது. அலுமினியம் என்ற சொல் காதில் விழுந்ததும் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

போனில் தம்பியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, எம்புட்டு அரிசி வேகிற அளவு வேண்டும் என்பதுதான். அவன் லிட்டரில் சொன்னான். இவர் அதைப் படியாக்கி, மூட்டையாக்கி, ஒரு பெரிய கல்யாணத்துக்குத் தேறும் என்று கண்டுபிடித்த பிறகுதான் தகடு வாங்கக் கிளம்பினார். அடுத்த சண்டை தொட்டிக்குள் வைக்கும் தடுப்புத் தகடுகளைப் பற்றி. படகு ஆடும்போது டீசல் மொத்தமும் ஒரே பக்கம் பாயாமல் இருக்க உள்ளே இரண்டு தடுப்பு வேண்டும் என்றான் தம்பி. அண்டாவுக்குள் எதற்குச் சுவர் என்று இவர் இரண்டு நாள் வீட்டுச் சுவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னேன். வேட்டி நனைந்ததும் ஒப்புக்கொண்டார்.

பட்டறை வாசலில் தொட்டி உருவாக உருவாக, தெருவே வந்து விசாரித்தது. அண்ணே வைகையில் படகு விடப் போகிறாராம் என்று டீக்கடையில் பேச்சு. வைகையில் முதலில் தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்று ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் பதில் சொல்லிவிட்டுப் போனார். இவர் எதையும் காதில் வாங்கவில்லை. மூலைகளை வெல்டிங் வைத்தது தையல்காரர் தைத்ததுபோல் இருந்தது. எல்லாத் துளைகளையும் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி வரவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை அமைந்ததுபோல் ஒரு முகம் அவருக்கு.

தடை முடியச் சில நாள்தான் இருந்தது. ஆனையூரில் எங்கள் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, பட்டறைக்குப் போய், தொட்டியைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி மண்டபம் போய்ச் சேர்ந்தோம். நான்கு பேர் தொட்டியைத் தூக்கிப் படகுக்குள் சாய்த்தார்கள். அப்போது உள்ளே சலசலவென்று ஒரு சத்தம்.

தம்பி தொட்டியில் காதை வைத்தான். உள்ளே என்ன என்று கேட்டான். இவர் கொஞ்சமும் யோசிக்காமல், பெருமையாகவே சொன்னார்:

"அரிசி மாப்ள. ஒரு துண்டு மஞ்சளும் கிடக்கு."

அது அவர் பட்டறை வழக்கம். எந்தப் பாத்திரமும் வெறுமனே வாசல் தாண்டாது. ஒரு பிடி அரிசியும் ஒரு மஞ்சளும் போட்டுத்தான் கொடுப்பார். எத்தனையோ அண்டாக்கள் அப்படிப் போய் எத்தனையோ வீட்டில் பொங்கியிருக்கின்றன. இதிலும் டீசல் ஊற்றுகிற வாய் வழியாகப் போட்டு, தூசி படாமல் துணி கட்டி வேறு கொண்டுவந்திருக்கிறார். பழைய தொட்டியில் துரு, புதுத் தொட்டியில் அரிசி. என் தம்பியின் எஞ்சின் என்ன பாவம் செய்ததோ என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

மணலில் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆட்டினார்கள். அரிசி கொட்டக் கொட்டச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோழிகள் வந்து சேர்ந்தன. ஒரு கட்டத்தில் அரிசி நின்றுவிட்டது. மஞ்சள் மட்டும் வரவில்லை. இவர் அடம்பிடித்து, பிறகு பாசமாக வைத்த தடுப்புக்குப் பின்னால் அது போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் இருந்தால் ஃபில்டர் பார்த்துக்கொள்ளும், மாட்டிவிடலாம் என்றான் தம்பி. தடை முடிந்த முதல் நாள் கடலுக்குப் போகாவிட்டால் அவனுக்கு நஷ்டம். போனால், அந்த மஞ்சள் குழாய் வாயில் போய் நின்றால், மறுபடி நடுக்கடல். யார் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இவர் மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மஞ்சள் உள்ள இருக்குன்னு தெரிஞ்சே உன்னைய அனுப்பிட்டு எனக்குத் தூக்கம் வராது மாப்ள. கொண்டுபோய் வெட்டி எடுத்துட்டு வாரேன்."

தொட்டியை ஏற்றிக்கொண்டு மறுபடி பட்டறைக்குத் திரும்பினோம். வழியில் பரமக்குடியில் டீ குடிக்கக்கூட அவர் இறங்கவில்லை. தையல் மாதிரி வேலை செய்த தொட்டியின் மேல்தகட்டில், டீசல் இன்னும் படாததால் பயமில்லாமல், தடுப்புகள் பிரித்த அறைக்கு ஒன்றாக மூன்று வட்டம் வெட்டினார். பின்னறை மூலையில் ஏழெட்டு அரிசியோடு மஞ்சள் சாவகாசமாகக் கிடந்தது. வெட்டிய இடங்களுக்கு ரப்பர் வைத்து, போல்ட் போட்டு மூடும் மூடிகள் செய்தார். மறுபடி காற்றடித்தார், மறுபடி சோப்புத் தண்ணீர். மூன்று மூடியோடு பார்க்க அது இட்லிக் கொப்பரைக்குத் தங்கச்சிபோல் இருந்தது. அதைச் சொன்னதற்கு என்னை முறைத்தார். சரி, பழைய ஆளாகிவிட்டார் என்று நிம்மதியானேன்.

தடை முடிவதற்கு முந்தின நாள் மறுபடி மண்டபம். அடியில் ரப்பர் பட்டை போட்டு, அசையாமல் பட்டிகள் இறுக்கி, குழாய்களை இணைத்தார்கள். தம்பி மூன்று வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தான். உள்ளே பளபளவென்று இருந்தது, அரிசி மஞ்சள் ஒன்றுமே இல்லை. இவர் மூடிகளைத் தன் கையாலேயே முடுக்கினார். வேலை முடிந்தும் படகை விட்டு இறங்காமல் நின்றார். எனக்குப் புரிந்துவிட்டது, மனுஷனுக்கு வெறுமனே கொடுத்துப் பழக்கமில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். வெட்டி எடுத்த வட்டத் தகடுகளில் ஒன்றை எப்போது தட்டிக் கிண்ணமாக்கினார் என்று எனக்கே தெரியாது. அதில் ஒரு பிடி அரிசி, அதே மஞ்சள். தம்பி அதை வாங்கி, சுக்கானுக்குப் பக்கத்தில் இடுக்கி வைத்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

விடியலில் படகுகள் கிளம்பின. எஞ்சின் சத்தம் கேட்கிற வரைக்கும் இவர் கரையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அத்தனை படகுச் சத்தத்தில் எது மைத்துனன் எஞ்சின் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அன்று முழுக்க அவரும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. ஊருக்குத் திரும்பலாமா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மறுநாள் காலை படகு அதன் எஞ்சினிலேயே கரைக்கு வந்தது. மீன் எம்புட்டு என்று இவர் கேட்கவில்லை. எஞ்சின் நின்றதா என்றுதான் கேட்டார். தம்பி தலையை ஆட்டினான், இல்லை என்று. பிறகு படகுக்குள் குனிந்து அந்தக் கிண்ணத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான். உள்ளே விளிம்பு வரை இறால்.

"அரிசிய நடுக்கடல்ல பொங்கித் தின்னுட்டோம். கிண்ணத்த வெறுமனே தரக் கூடாதுல்ல மச்சான்."

இவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. உப்புக்காற்று கண்ணில் பட்டுவிட்டது என்று மதுரை வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.