பாலியில் எரிமலை, கும்பகோணத்தில் வாய்தா

டிராவல்ஸ் ஆபீஸில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் விமானத்தை ஓட்டுவதில்லை என்பதைக் கும்பகோணத்தில் இதுவரை யாரும் நம்பியதில்லை. விமானம் தாமதமானால் அது என் சோம்பேறித்தனம். ஜன்னலோர இருக்கை வாங்கியவருக்கு வெளியே மேகம் மட்டும் தெரிந்தால் அதற்கும் எனக்குத்தான் போன். பேங்க் கவுண்டரிலும் கரண்ட் ஆபீஸிலும் ரேஷன் கடையிலும் உட்கார்ந்து, செய்யாத குற்றத்துக்கு ‘சரிங்க சார்’ சொல்லிச் சம்பளம் வாங்குகிற என் சகோதர சகோதரிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கள் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் இருக்கிறது. முதலாளி ஜபருல்லா பாய் துபாயில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்து ஆரம்பித்தது. வேலைக்கு நான் ஒருத்தி. பாலித் தீவில் எரிமலை புகைந்து விமானங்கள் நின்றுபோனதே ஒரு கார்த்திகை மாதம், அப்போது நடந்தவை இவை.

களை எடுப்பதற்குள்

மற்ற ஊர்களில் பள்ளிக்கூட லீவு பார்த்துச் சுற்றுலாத் தேதி வைப்பார்கள். எங்களிடம் வருகிறவர்கள் வயலைப் பார்த்து வைப்பார்கள். சம்பா நடவு முடிந்திருக்க வேண்டும், களை எடுப்பு ஆரம்பித்திருக்கக் கூடாது. அந்த இடைவெளியில் ஆறு நாள் பாலி என்று பாய் ஒரு திட்டம் போட்டார். பதினாறு பேர் சேர்ந்தார்கள்.

அதில் ஒருவர் கலியபெருமாள். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரு கிராமம். அறுபது வயது, எப்போதும் கறுப்புச் சட்டை. சாமி கிடையாது என்று சொல்வதை ஒரு கடமையாகவே செய்துவருபவர். சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கும் மகள்தான் அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடச் சொல்லி எங்களுக்கு எழுதியிருந்தாள். பாஸ்போர்ட் கொடுக்க வந்தவர் என்னிடம் கடலைப் பற்றியோ ஓட்டலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வரும் தேதியை மட்டும் மூன்று தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: “பிளேன் ரெண்டு மணி நேரம் லேட்டானா பரவாயில்லை மேடம். ரெண்டு நாள் லேட்டானா வயல்ல கோரை மண்டிடும்.”

ஒரே வரிசை

புறப்படுவதற்கு முந்தின வாரம் எல்லாரையும் ஆபீஸுக்கு வரச் சொன்னேன். விசா, பெட்டி எடை, அங்கே என்ன சாப்பாடு என்று சொல்வதற்காக. முன் வரிசையில் வைத்தியநாதன் சாரும் அவர் மனைவி மங்களம் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். சார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். ஒரு காலத்தில் நிறைய நிலம் இருந்த குடும்பம்; இப்போது பிள்ளைகள் சென்னையில். அப்போது கலியபெருமாள் படியேறி வந்தார். சாரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். சார் கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தார்.

பாய்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கலியபெருமாளின் அப்பா சார் குடும்பத்து நிலம் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். நிலம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று சாரும், உழுதவனை வெளியேற்ற முடியாது என்று கலியபெருமாளும் பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. நானோ இரண்டு ஜோடியையும் ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் போட்டு வைத்திருந்தேன். வியர்த்துப் போய் சாரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிதானமாகத்தான் பதில் சொன்னார்: “ஒரே விமானத்துல ஏறக் கூடாதுன்னு தடை உத்தரவு ஒண்ணும் இல்லைம்மா. நடுவுல ஒரு வரப்பு மட்டும் விட்டுடுங்க.”

புகை

நடுவில் நடைபாதை வரும்படி இருக்கையை மாற்றி அனுப்பிவைத்தேன். ஐந்து நாள் ஒரு தகராறும் இல்லை. ஆறாவது நாள் வியாழக்கிழமை, அவர்கள் திரும்ப வேண்டிய அன்று காலை, எரிமலைச் சாம்பல் வானத்தில் பரவி பாலி விமான நிலையத்தை மூடிவிட்டார்கள்.

முதலில் போன் செய்தது பாலியில் மாட்டிக்கொண்டவர்கள் இல்லை. அடுத்த வாரம் போக இருந்த இரண்டாவது குழுவில் திருக்காட்டுப்பள்ளி விவசாயி ஒருவர். அந்த வருஷம் எங்கள் பக்கத்தில் எண்ணெய் எடுக்கக் குழாய் இறக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் போராட்டப் பந்தல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவரும் ஒரு பந்தலில் இருந்துதான் பேசினார். பின்னால் மைக் சத்தம் கேட்டது. பாலியிலும் ஆழத் துளை போட்டதால்தான் மலை வெடித்ததா என்று கேட்டார். அது தானாக வெடிக்கிற மலை, காலங்காலமாக வெடிக்கிறது, யாரும் துளை போடவில்லை என்று கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் எனக்காக வருத்தப்படுகிற குரலில் சொன்னார்: “நீங்க நல்லா விசாரிங்க மேடம். இங்கயும் முதல்ல ஒண்ணுமில்லைன்னுதான் சொன்னாங்க.”

நிம்மதியான சாப்பாடு

பதினாறு பேரில் பன்னிரண்டு பேர், ஓட்டலிலேயே இருக்கலாம், சாப்பாடு உண்டு என்றதும் அமைதியாகிவிட்டார்கள். அமைதியாகாதவர்கள் நான்கு பேர். சாருக்கும் கலியபெருமாளுக்கும் திங்கட்கிழமை காலை கும்பகோணத்தில் வாய்தா. இதற்கு முன்னால் பல தடவை தள்ளிப்போட்டாகிவிட்டது, இந்தத் தடவை கூண்டில் ஏறாதவருக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும் என்று இருவருடைய வக்கீல்களும் தனித்தனியாகப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள்.

இருவரும் ஒரே ஓட்டலில், ஒரே சாப்பாட்டுக் கூடத்தில், இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்தில் இருக்கும் என் வழியாகப் பேசினார்கள். கலியபெருமாள் போன் செய்து, அவர் வேறு வழியாகக் கிளம்புகிறாரா என்று கேட்பார். வைத்தால் சார் கூப்பிட்டு, இப்போது போனில் பேசியது யார், என்ன கேட்டார் என்பார். மங்களம் அம்மா கொண்டுபோன புளிக்காய்ச்சலைக் கலியபெருமாளின் மனைவி தனலட்சுமியும் அந்த அம்மாவும் பங்குபோட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது புருஷர்கள் இருவருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் எந்த விமானத்திலும் இடமில்லை என்று சாரிடம் சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: “எனக்குக் கிடைக்கலைன்னா பரவாயில்லைம்மா. அவருக்கும் கிடைக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நிம்மதியா சாப்பிட்டுடறேன்.”

வேன், படகு, வேன்

பாய் சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றி மேசையில் விரித்தார். பாலிக்கு மேற்கே ஜாவா. அங்கே சுரபயா என்ற ஊரில் விமான நிலையம் திறந்திருந்தது. விடிந்ததும் வேனில் ஏறினால் கடற்கரை, அங்கே வேனோடு படகில் ஏறி அக்கரை, மறுபடி பகல் முழுக்கச் சாலை. ஞாயிற்றுக்கிழமை சுரபயாவில் விமானம் ஏறி, சிங்கப்பூர் மாறி, திங்கள் காலை திருச்சி. கிடைத்தது ஒரே வேன். அதில் நான்கு இடம்.

இரண்டு பேரையும் ஒரே வேனில் ஏற்றினால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டேதான் இருவருக்கும் போன் செய்தேன். சாரிடம் ‘அவரும் வருகிறார்’ என்றேன். அப்படியானால் நானும் கட்டாயம் போக வேண்டும் என்றார். கலியபெருமாளும் அதையே சொன்னார். வருகிற விஷயம் எதிராளியின் வக்கீலுக்குப் போய்விடும், அதனால் யாருக்கும், தங்கள் வக்கீலுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்றும் இருவரும் தனித்தனியாக என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். எனக்குத் தெரிந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பாய் வரைபடத்தை மடித்துக்கொண்டே சொன்னார்: “கவலைப்படாதம்மா. நடுக்கடல்ல எந்த வக்கீலும் இல்லை.”

ஒரு கையெழுத்து

புறப்படும் ஊரை மாற்றிக் கொடுக்க விமானக் கம்பெனி ஒரு பாரம் அனுப்பியது. கையெழுத்துப் போட்டால் போதும், மாற்றிவிடுவார்கள். பயணம் தடைப்பட்ட காரணம் என்ற இடத்தில் ‘ஆக்ட் ஆஃப் காட்’ என்று அச்சடித்தே வைத்திருந்தார்கள். கடவுளின் செயல்.

சார் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கலியபெருமாளிடமிருந்து வந்த போட்டோவில் அந்த வார்த்தைகள் அடிக்கப்பட்டு, மேலே ‘இயற்கையின் செயல்’ என்று தமிழில் எழுதியிருந்தது. கம்பெனி திருப்பி அனுப்பிவிட்டது. நான் கெஞ்சினேன். ஐந்து வேளை தொழுகிற பாய் போனை வாங்கி, இது கம்பெனிக்காரன் வார்த்தை, உங்கள் வார்த்தை இல்லை என்று அரை மணி நேரம் வாதாடினார். நிலம் போனாலும் போகட்டும், அந்த வாக்கியத்துக்குக் கீழே என் பெயர் இருக்காது என்றார் கலியபெருமாள். அவர் குரல் உடைந்திருந்தது. நிலம் போய்விடுமோ என்று நிஜமாகவே பயந்துகொண்டுதான் அதைச் சொன்னார் என்று எனக்குப் பட்டது.

டிக்கெட் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தது என் ஞாபகத்துக்கு வந்தது. யாராவது ஒருவர் போட்டால் போதுமாம், கம்பெனியில் கேட்டுவிட்டேன். தனலட்சுமி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மா சொன்னது போனில் தெளிவாகக் கேட்டது: “முப்பத்தஞ்சு வருஷமா இல்லை இல்லைன்னீங்க, வெள்ளைக்காரன் அச்சடிச்சே அனுப்பிட்டான். பேனாவக் குடுங்க.”

தூர்

சனிக்கிழமை நடந்ததை மங்களம் அம்மா பிறகு சொன்னார். படகில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சார் வாந்தி எடுத்தபோது கலியபெருமாள் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தன் மனைவியிடம் கொடுத்தார், அவர் மங்களம் அம்மாவிடம் கொடுத்தார், அவர் சாரிடம் கொடுத்தார். ஜாவாவில் டீ குடிக்க வேன் நின்ற இடத்தில் ரோட்டை ஒட்டி நெல் வயல். கலியபெருமாளால் சும்மா இருக்க முடியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, ஒரு குத்துப் பயிரை அடியில் பிடித்து, கிளைத்திருந்த தூர்களை எண்ண ஆரம்பித்துவிட்டார். சார் வரப்பில் வந்து நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“எத்தனை தூர் இருக்கு?” என்றார் கடைசியில். பத்தொன்பது வருஷத்தில் முதல் வார்த்தை.

“முப்பத்தி ரெண்டு சார்” என்றார் கலியபெருமாள், நிமிராமல்.

சார் குனிந்து தானும் ஒரு குத்தைப் பிடித்துப் பார்த்தார். தூரத்து மலையைப் பார்த்தார். பிறகு தன்னை மறந்தவர்போலச் சொன்னாராம்: “நம்ம நிலத்துல இருபதுக்கு மேல வந்ததே இல்லை.”

கோர்ட் வாசல்

அவர்கள் சுரபயா போய்ச் சேர்ந்த சாயங்காலம் பாலி விமான நிலையத்தைத் திறந்துவிட்டார்கள். ஓட்டலில் இருந்த பன்னிரண்டு பேரும் நேராக விமானம் ஏறி, இவர்களுக்கு முன்பே வீடு வந்து குளித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை நல்ல மழை. திருச்சிக்கு எங்கள் காரை அனுப்பியிருந்தோம். கையெழுத்துப் போட்ட பாரங்களின் அசல் எனக்கு வேண்டியிருந்ததால் நான் குடையோடு கோர்ட் வாசலில் காத்திருந்தேன். பத்தரைக்குக் கார் வந்தது. மூன்று நாள் அழுக்குச் சட்டையோடு, பெட்டிகளோடு இருவரும் ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார்கள், நானும் பின்னாலேயே போனேன். அவர்களுடைய வக்கீல்கள் இரண்டு பேரும் கேன்டீனில் இருந்து ஒன்றாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். விமான நிலையம் மூடியதை டிவியில் பார்த்தார்களாம். கட்சிக்காரர்களிடமிருந்து போனும் இல்லை. அதனால் எரிமலையைக் காரணம் காட்டி இருவருமாகவே மனுப் போட்டு, பத்து நிமிஷத்துக்கு முன்னால்தான் வாய்தாவைப் பொங்கலுக்குப் பிறகு தள்ளி வாங்கியிருந்தார்கள்.

சார் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கலியபெருமாள் மட்டும் விடவில்லை. சார் ஜாவாவில் ‘நம்ம நிலம்’ என்று சொன்னதை, தனலட்சுமியும் மங்களம் அம்மாவும் அதற்குச் சாட்சி என்பதை, தன் வக்கீலிடம் அங்கேயே ஒப்பித்தார். சாரின் வக்கீல் அவசரமாகக் குறுக்கிட்டு, பயணக் களைப்பில் வாய் தவறி வந்த வார்த்தை, அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்றார். மழைச் சத்தத்தில் எல்லாரும் சாரைப் பார்த்தார்கள். சார் எழுந்திருக்கவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னார்: “தமிழ்ல ‘எங்க நிலம்’னு ஒரு வார்த்தை இருக்கு. எதிர்ல நிக்கிறவரையும் சேர்த்துக்கிட்டாத்தான் ‘நம்ம நிலம்’. முப்பத்தி நாலு வருஷம் இலக்கணம் நடத்தினவனுக்கு அதுல வாய் தவறாது.”

முதல் பெயர்

நேராக ராஜியாகிவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். மூன்று மா அவருக்கு, மூன்று மா இவருக்கு என்று பொங்கலுக்கு முன்பே பேசி முடித்துவிட்டார்கள். ராஜி மனுவும் தயாரானது. அதில் யார் பெயரை முதலில் போடுவது என்பதில் நின்றுபோய், இன்னும் நிற்கிறது. இப்போது வாய்தாவுக்கு இருவரும் ஒரே ஆட்டோவில் வருகிறார்கள், கோர்ட் வாசலில் இறங்கியதும் தனித்தனியாக உள்ளே போகிறார்கள். போன மாதம் நான்கு பேருமாக எங்கள் மாடிக்கு வந்து ஜாவாவுக்கு டிக்கெட் கேட்டார்கள். அறுவடைச் சமயத்தில் அந்த வயலைப் பார்க்க வேண்டுமாம். மலை மறுபடி புகைகிறதே என்று எச்சரித்தேன். கலியபெருமாள் சாரைப் பார்த்தார், சார் தலையசைத்தார், கலியபெருமாள் சொன்னார்: “புகையட்டும் மேடம். வாய்தாவுக்கு முந்தின வாரமாப் பாத்துப் போடுங்க.”

ஆக, அன்பான சக ஊழியர்களே, எரிமலை மூன்று நாளில் அடங்கிவிடுகிறது, விமானமும் எப்படியோ பறந்துவிடுகிறது, ஆறு மா நிலத்துக்கு மட்டும் எந்த வழியாகப் போனாலும் என்னால் நேர் டிக்கெட் போட முடியவில்லை.