அம்மாவுக்கு வராத கோடிச்சீலை

எங்கள் பீரோவின் கீழ்த்தட்டில் அரக்கு நிறச் சீலை ஒன்று மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. முதன்முதலில் அதைப் பார்த்த என் மனைவி, தனக்காக வாங்கியது என்று சந்தோஷப்பட்டாள். அது செத்தவர்களுக்கு வாங்கியது என்று தெரிந்த பிறகு இரண்டு நாள் சோறு போட்டதோடு சரி, பேச்சு இல்லை.

பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணனோ தம்பியோ புதுச்சீலை கொண்டுவந்து உடம்பின் மேல் போர்த்திய பிறகுதான் பாடை நகரும். அம்மாவுக்கு அதில் சொந்தமாக ஒரு நம்பிக்கையும் உண்டு. "அண்ணன் போடுற கோடியப் பாத்துத்தான் அங்கிட்டு எங்க அப்பனும் ஆத்தாளும் என்னைய அடையாளம் கண்டுக்குவாக" என்பாள். முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே, பஸ் ஏறிப் போகிற ஊரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்வாள்.

அந்த அண்ணன், என் தாய்மாமா, கந்தர்வக்கோட்டைப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். சாமி இல்லை, பேய் இல்லை, செத்தபின் ஒன்றுமே இல்லை என்று கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் நிரூபித்துவிடுவார். அவரைப் பார்த்துத்தான் நான் நாத்திகன் ஆனேன். யோசித்தெல்லாம் ஆகவில்லை; அவர் மீசை பிடித்திருந்தது, அவ்வளவுதான். அம்மா இறந்த அன்று வெறுங்கையோடு வந்து நின்றார். "மாப்ள, செத்த ஒடம்புக்குச் சீலை எதுக்கு? எரியத்தானே போகுது? நீயே சொல்லு" என்றார். சொந்தபந்தம் மொத்தமும் என்னைப் பார்த்தது. "அம்மா என்ன அங்க கல்யாணத்துக்கா போகுது?" என்றேன். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் பாடையைத் தூக்கியாயிற்று. அம்மா பழைய சீலையோடு போனாள். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன வருடம் மாமா இறந்தார். மாலையோடு போய் நின்றேன். அத்தை என்னை ஓரமாக இழுத்தார்.

"தம்பி, கோடி எங்க?"

"யாருக்கு அத்தை?"

"ஒங்க மாமாவுக்குத்தான். படுக்கையில கெடந்தப்ப தெனமும் இதே பொலம்பல். மருமகன் கையால கோடி போடச் சொல்லு, அது இல்லாமப் போனா தங்கச்சிக்கு என்னைய அடையாளம் தெரியாதுன்னாக."

அம்மாவின் வார்த்தை, அச்சு மாறாமல். சொல்லப்போனால் அம்மாவிடமிருந்து அதையும் பறித்துத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். வாராவாரம் போனில் பேசினோம். அரசியல் பேசினார், மூட்டுவலி பேசினார், இதை மட்டும் பேசவில்லை. என்னை நாத்திகன் என்று நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, அவர் மட்டும் சந்து வழியாக வீடு போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சொன்னார் என்பதற்காக நான் அம்மாவையே அல்லவா வெறுமனே அனுப்பினேன்?

வண்டியை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். வேட்டி ஒன்று வாங்கினேன், சீலை ஒன்றும் வாங்கினேன். வேட்டியை மாமா மேல் போர்த்தினேன். சீலையை அவர் கைக்கடியில் செருகப் பார்த்தேன். "இதையும் வைங்க. அம்மாகிட்ட குடுத்துருவாரு" என்றேன்.

மாமாவின் பங்காளி ஒருவர், "எழவு வீட்டுலயும் ஒங்க நக்கல் போகலையே மாப்ள!" என்றார். பந்தலே சிரித்தது. பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். சிரிப்பு அடங்குவதற்குள் பாடையைத் தூக்கிவிட்டார்கள். சீலை என் கையிலேயே இருந்தது.

பீரோவில் இடமில்லை, யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மனைவி நேற்றும் சொன்னாள். "இருக்கட்டும், நான் போகும்போது எடுத்துக்கிட்டுப் போறேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை.