மாட்டு நெற்றியில் ஒரு சிவப்பு வில்லை

என் தையல் பெட்டியில் நூல்கண்டுகளுக்கு அடியில் ஒரு சிவப்புக் கண்ணாடி வில்லை கிடக்கிறது. சைக்கிளின் பின்பக்க மட்கார்டில் இருக்குமே, அதைப் போன்றதுதான். ஆனால் உள்ளங்கை அகலம் இருக்கும். சுற்றிலும் தகரச் சட்டம், சட்டத்தில் ஆணி அடிக்க ஓட்டைகள், ஓரத்தில் ஓர் உடைசல். கண்ணாடிக்கும் தகரத்துக்கும் இடையில் மஞ்சள் அப்பிக் கல்லாகக் காய்ந்து போயிருக்கிறது. ஊசியால் கிண்டி எடுத்துவிடலாம் என்று எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன், மனம் வராது. பொத்தான் தேடினாலும் ஊசி தேடினாலும் முதலில் கையில் இடறுவது இதுதான். "இது எதுக்கு அத்தை, குப்பையில போட்டுடட்டுமா?" என்று மருமகள் ஒருநாள் கேட்டாள். வேண்டாம் என்றேன். இதை எங்கள் டாக்டர் இரண்டு முறை கொடுத்தார். முதலில் ஒரு வண்டிக்காரருக்கு, பிறகு எனக்கு.

அறுபதுகளில் நான் நெய்வேலிக்கு நர்ஸாக வந்தபோது ஊர் பாதிதான் முளைத்திருந்தது. ஒரு பக்கம் வரிசையாக புது குவார்ட்டர்ஸ், இன்னொரு பக்கம் வெட்டாத முந்திரிக்காடு. மழை பெய்தால் செம்மண் என் வெள்ளைச் சேலையின் கரையில் ஏறிக்கொள்ளும், எந்தச் சோப்புக்கும் அசையாது. மைன்ஸில் அடிபடுகிறவர்களைப் பார்க்கத்தான் எங்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் மைன்ஸில் தலைக்கு ஹெல்மெட் உண்டு, எச்சரிக்கச் சங்கு உண்டு, கவனிக்கவென்றே ஆள் உண்டு. எங்களிடம் கூழாகி வந்தவர்கள் பெரும்பாலும் பண்ருட்டி ரோட்டிலிருந்து வந்தார்கள். புது ஊரைக் கட்டச் செங்கல்லும் மணலும் ஏற்றிக்கொண்டு லாரிகள் பறந்த ரோடு அது. அதே ரோட்டில்தான் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு வண்டிகளும் போயின.

டாக்டர் முன்கோபி. கிராம்பை மென்றுகொண்டேதான் தையல் போடுவார், போடும்போது வாய் ஓயாது. நூலைத் திட்டுவார், விளக்கைத் திட்டுவார், என்னைத் திட்டுவார். அடிபட்டுப் படுத்திருப்பவனை மட்டும் ஒரு சொல் சொல்ல மாட்டார். எனக்கும் நாக்கு நீளம்தான். பதிலுக்கு நான் ஏதாவது முணுமுணுத்தால், "சிஸ்டர், சத்தமா சொல்லுங்க, தம்பிக்கும் கேக்கட்டும்" என்று நோயாளியைச் சாட்சிக்கு இழுப்பார். அந்த மனிதரோடு வேலை பார்த்த வருடங்களில் நான் அழுததைவிடச் சிரித்தது அதிகம். கடைசி வருடத்தைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன்.

காடாம்புலியூர் வண்டிக்காரர் எங்களிடம் முதல் முறை வந்தது ஒரு கரும்புப் பருவத்தில்தான். பின்னால் வந்த லாரி வண்டியை முட்டி, அவருடைய வலது காலை நசுக்கியிருந்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று நான் உள்பட எல்லோரும் நினைத்தோம். டாக்டர் விடவில்லை. அந்தக் காலோடு பல மாதம் மல்லுக்கட்டி, கடைசியில் அவரைத் தாங்கித் தாங்கியாவது நடக்க வைத்துவிட்டார். அவர் மனைவி ஆஸ்பத்திரி வேலிக்கு வெளியே கல் கூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு அத்தனை நாளும் அங்கேயே கிடந்தாள். டாக்டரைக் கண்டால் எழுந்து நிற்பாள், ஒன்றும் பேச மாட்டாள்.

அந்த மாதங்களில்தான் வண்டிக்காரரிடமிருந்து டாக்டர் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். பகலெல்லாம் கரும்பு வெட்டிக் கட்டி ஏற்றிவிட்டு, மாடு களைக்காமல் இருக்கப் பொழுது சாய்ந்த பிறகு வண்டி பூட்டுவார்கள். பாரம் ஏறிய அலுப்பில் வண்டிக்காரர் கரும்பின் மேலேயே சாய்ந்து தூங்கிவிடுவார். முன்னால் போகும் வண்டியைப் பார்த்து மாடுகள் தாமாகவே நடுரோட்டில் நடந்துகொண்டிருக்கும். அச்சுக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கு தொங்கத்தான் செய்யும். ஆனால் கரும்புத் தோகை பின்னால் தரை வரை தொங்கி அதை மறைத்துவிடும். பின்னால் வருகிற லாரிக்காரனுக்கு வண்டி இருப்பதே தெரியாது. "நாங்க தூங்கிக்கினு போவோம், மாடு போய்க்கினே இருக்குங்க. எங்களுக்கு என்னா தெரியும்?" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். டாக்டர் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் தைத்ததெல்லாம் வீண், இனி ரோட்டுக்குப் போய்த்தான் தைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார்.

சொன்னதோடு விடவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நாயாய் அலைந்தார். ஆலையில் கரும்பு வரத்தைப் பார்க்கிறவர், ரோடு ஓவர்சியர், பஸ் முதலாளி ஒருவர், இன்ஸ்பெக்டர், வழியிலுள்ள ஊர்களின் பஞ்சாயத்துத் தலைவர்கள், எங்கள் ஊரில் லாரி கான்டிராக்ட் எடுத்தவர்கள் என்று எல்லோரையும் ஒரே மேசையில் கொண்டுவந்து உட்கார வைத்தார். அப்படி உட்கார்ந்து பேசுகிற வழக்கமே அந்தப் பக்கம் கிடையாது. ரோடு ஒருவருடையது, வண்டி ஒருவருடையது, லாரி ஒருவருடையது; ரோட்டில் விழுந்த ரத்தம் மட்டும் யாருடையதும் இல்லை. முதல் கூட்டத்தில் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் கிராம்பை மென்றுகொண்டு அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்தார். ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பார். மெல்ல மெல்ல நகரவும் செய்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த ஒரு தலைவர் தம் ஊர் வண்டிகளுக்கெல்லாம் தாமே பொறுப்பு என்று எழுந்து சொன்ன அன்று டாக்டர் வார்டுக்கு வந்து எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

கடைசியில் முடிவானது இந்த வில்லை. ஒவ்வொரு கரும்பு வண்டியின் பின்பலகையிலும் ஒரு சிவப்பு வில்லை, அதை மறைக்காமல் தோகையைக் கட்ட வேண்டும். லாரி, பஸ் டிரைவர்களுக்கு ஒரே பாடம்: நடுரோட்டில் சிவப்பு தெரிந்தால் உனக்கு முன்னால் வண்டி போகிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறை, வலப்பக்கம் ஒதுங்கிக் கடந்து போ. இதை ஒரு மாலை நேரத்தில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு வண்டியின் பின்னால் வில்லையைக் கட்டி நிறுத்திவிட்டு, ஆம்புலன்ஸில் நாங்கள் தூரத்திலிருந்து வந்தோம். முன்விளக்கு பட்டதும் இருட்டுக்குள் அது குப்பென்று எரிந்தது. டாக்டர் என் தோளைத் தட்டிக் குழந்தை மாதிரிக் கை கொட்டினார். அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

முதல் வில்லையைத் தம் கையாலேயே காடாம்புலியூர் வண்டிக்காரருக்குக் கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சாமி இல்லய்யா, பின்பலகையில ஆணி அடிச்சு மாட்டு" என்று டாக்டர் அதட்டினார். அவரும் அப்படியே மாட்டினார். அவர் மாட்டியதைப் பார்த்துத்தான் ஊரே வாங்கிக்கொண்டது. மார்கழி முழுதும் அந்த ரோட்டிலிருந்து ஒரு கரும்பு வண்டி ஆள்கூட எங்களிடம் வரவில்லை. டாக்டர் வராந்தாவில் நின்று வாசலைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். கண்பட்டுவிடும் என்று நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கலன்று அந்தப் பக்கத்தில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, மணி கட்டி, வண்டியையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். காடாம்புலியூர் வண்டிக்காரர் வண்டியைக் கழுவும்போது வில்லையைப் பார்த்திருக்கிறார். ஒரு மாதப் புழுதியும் சாணியும் அதன் மேல் அப்பிக் கிடந்ததாம். தம் காலைக் காப்பாற்றிக் கொடுத்த மனிதர் கையால் கொடுத்த பொருள், வண்டியின் பின்னால், சாணி படுகிற இடத்தில். அவருக்கு மனசு கேட்கவில்லை. ஆணியைப் பிடுங்கி, கழுவி, மஞ்சள் பூசி, வலப்பக்கம் பூட்டும் மாட்டின் நெற்றிப் பட்டையில் நடுவாக வைத்துத் தைத்துவிட்டார். சிவப்பாக, பெரிய பொட்டு மாதிரி. ஊர் பார்த்தது. அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படிச் செய்து பழகிய ஊர். அன்று சாயங்காலத்துக்குள் பாதி மாடுகள் பொட்டு வைத்துக்கொண்டன. எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது.

பொங்கல் கழித்துக் கரும்பு வெட்டு மறுபடி தொடங்கியதும் பனிக்காலத்து மாலை ஒன்றில் வண்டிகள் நெல்லிக்குப்பத்தைப் பார்த்துப் புறப்பட்டன. முதல் வண்டி அவருடையது. எதிரே பண்ருட்டிப் பக்கமிருந்து செங்கல் லாரி ஒன்று எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது. பனியில் டிரைவருக்கு நடுரோட்டில் சிவப்பு தெரிந்தது. சொல்லிக் கொடுத்ததை மறக்காத பையன் அவன். முன்னால் வண்டி போகிறது என்று வேகத்தைக் குறைத்து வலப்பக்கம் ஒதுக்கினான். எதிரே வந்த மாடுகள் வெளிச்சத்தைக் கண்டு தம் வழக்கப்படி இடப்பக்கம் ஒதுங்கின. இரண்டும் ரோட்டின் ஒரே பக்கம். பிறகு அந்த டிரைவர் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு, "செவப்பு தெரிஞ்சுதுங்க, போற வண்டின்னுதானே நெனைச்சேன்" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான்.

வண்டிக்காரரை ஆம்புலன்ஸிலிருந்து இறக்கும்போதே உயிர் இல்லை. டாக்டர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஊசியை வாங்கி, நெற்றியில் கிழிந்திருந்த இடத்தைத் தைக்க ஆரம்பித்தார். வாய் பேசவில்லை, கிராம்பு இல்லை. நான் தடுக்கவில்லை, நூலை வெட்டி வெட்டிக் கொடுத்தேன். அதற்குள் வண்டிக்காரரின் மனைவி வந்துவிட்டாள். கையில் மாட்டின் நெற்றிப் பட்டை, அதில் இந்த வில்லை. ரோட்டில் செத்துக் கிடந்த மாட்டிலிருந்து யாரோ அவிழ்த்துக் கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் அதைப் பார்த்தார். அது ஏன் மாட்டுப் பட்டையில் இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. எப்படி இது இங்கே வந்தது என்று கேட்டார்.

"நீங்க குடுத்ததுங்களே. பின்னால வெக்க மனசு வரலைங்க அவருக்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் மரியாதையாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, கடன்பட்ட பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல் பட்டையை இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள். டாக்டர் அதை வாங்கிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாத அழுகை. வண்டிக்காரர் மரியாதை செய்தார், டிரைவர் சொன்னதைக் கேட்டான், டாக்டர் நல்லது நினைத்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். முடிந்தது ஓர் ஆள்.

மறுநாளே டாக்டர் ஊர் ஊராகப் போனார். வில்லையை நெற்றியிலிருந்து எடுங்கள், பின்னால் மாட்டுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டார். எடுத்தார்கள். ஆனால் பின்னால் மாட்டவில்லை. ஆளை வாங்கிய பொட்டு, ராசியில்லாதது என்று எடுத்துக் கிணற்றிலும் ஏரியிலும் போட்டுவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. மேசையைப் போட்டுவிட்டு, டம்ளர்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டாக்டர் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் கரும்பு வண்டி ஆட்கள் பழையபடி வரத் தொடங்கினார்கள். அவரும் பழையபடி தைத்தார். திட்டுவதை மட்டும் விட்டுவிட்டார். அந்த அமைதியில் வேலை செய்வது எனக்கு நரகமாக இருந்தது.

வேலையை விட்டுவிட்டுத் தம் ஊருக்குப் போகுமுன் இந்த வில்லையை என் மேசையில் வைத்தார். "எனக்குத் தைக்க மட்டும்தான் தெரியும் சிஸ்டர். அதோட நிறுத்தியிருக்கணும்" என்றார். அப்படிச் சொல்லாதீர்கள், மார்கழி முழுதும் ஒருவரும் வரவில்லையே என்றேன். சில வருடம் கழித்து அவர் இறந்துபோன செய்தி யார் மூலமோ வந்தது. எப்படி, எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

போன தை மாதம் மகனோடு காரில் அந்த ரோட்டில் வந்தேன். ரோடு அகலமாகிவிட்டது, ஓரமெல்லாம் பளிச்சிடும் வில்லைகள் பதித்திருக்கிறார்கள். பொழுது இருட்டுகிற நேரம். திடீரென்று மகன் பிரேக்கை மிதித்தான். எங்கள் கண்ணாடிக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கரும்புத் தோகை தொங்கிக்கொண்டிருந்தது. டிராக்டர். பின்னால் பொட்டு வெளிச்சம் இல்லை. பக்கத்து டீக்கடையில் நாங்கள் காரை நிறுத்தினோம், அதுவும் அங்கே வந்து நின்றது. நான் இறங்கிப் போய் டிரைவரிடம், பின்னால் சிவப்பு விளக்கு வைக்கக் கூடாதா அப்பா என்று கேட்டேன். "இருக்குதுங்கம்மா. கரும்பு மறைச்சிக்கினு இருக்குது, நான் என்னா பண்றது?" என்றான் பணிவாக. டிராக்டரின் முன்பக்கத்தைப் பார்த்தேன். சாமி படத்தைச் சுற்றிச் சிவப்புச் சீரியல் பல்புகள் கல்யாண வீடுபோல் எரிந்துகொண்டிருந்தன.

டாக்டரைப் பற்றி அந்தப் பையனிடம் சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தையல் பெட்டியைத் திறந்து வில்லையை எடுத்தேன். யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்றுதான் இதை இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறேன். கொடுத்தால் எங்கே கொண்டுபோய் வைப்பார்கள் என்று நினைத்தபோது பயமாக இருந்தது. கண்ணாடி கீழே பார்க்கும்படி கவிழ்த்து வைத்து, நூல்கண்டுகளை அதன் மேல் போட்டுப் பெட்டியை மூடினேன்.